சீக்கு வரிசைக்கு வராதவர்கள்

மொழி தெரியாத நோயாளி வந்தால் இப்போதெல்லாம் தொலைபேசியில் ஒருவரைக் கூப்பிட்டுப் பேசவைத்துவிடலாம் என்று, என்னைப் பார்க்க வந்த இளம் மருத்துவ உதவியாளர்கள் இருவர் பெருமையாகச் சொன்னார்கள். நல்ல வசதிதான். எங்கள் காலத்தில் அது இருந்திருந்தால் எவ்வளவோ தொண்டைத் தண்ணீர் மிச்சமாகியிருக்கும். ஆனால் சொன்ன கையோடு, இனிமேல் பிரச்சினையே இல்லை என்றும் சொன்னார்கள். அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்தவர்களிடம் என்ன வாக்குவாதம் என்று காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். அன்று வாய்க்குள் மென்று முழுங்கியதை இப்போது எழுதுகிறேன். அவர்களும் படிக்கட்டும், புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் நீங்களும் படியுங்கள்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் நான் டிரெசராக, அதாவது அந்தக் காலத்து மருத்துவ உதவியாளராக, இருந்தேன். டாக்டர் எப்போதாவது வந்து எட்டிப் பார்ப்பார். மற்ற நாளெல்லாம் காய்ச்சல், பேதி, கத்திக்காயம், பிரசவம் எல்லாம் என் தலையில்தான். விடியும்போது பெரட்டுக்களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள். அது முடிந்ததும் நான் முன்னால் வந்து, சீக்கு ஆளெல்லாம் இந்தப் பக்கம் வந்து நில்லு என்று சத்தம் போடுவேன். உடம்புக்கு முடியாதவர்கள் தனியாக வந்து நிற்பார்கள். மாத்திரை போதும் என்றால் மாத்திரை. பெரிய வியாதி என்றால் தோட்டத்து லோரியில் ஏற்றி ஈப்போவுக்கு அனுப்பிவிடுவோம். அதற்குச் சீக்கு வரிசை என்றே பெயர்.

எங்கள் ஆட்களுக்கு அது ஒரு வேடிக்கை மாதிரி. திருவிழாவுக்கு மறுநாள் சீக்கு வரிசை வேலை வரிசையைவிட நீளமாக இருக்கும். முதுகு வலி என்பான், கண்ணில் தூக்கம் வழியும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரிய டிரெசர் இதில் கெட்டிக்காரர். ஆள் நடந்து வருகிற விதத்திலேயே பொய்ச் சீக்கைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார். நானும் அவரிடம் அதை நன்றாகவே கற்றுக்கொண்டேன். சீக்கு என்று பொய் சொல்கிறவனைப் பிடிப்பதுதான் டிரெசரின் சாமர்த்தியம் என்று நம்பியிருந்தேன். அதைத் தாண்டி ஒரு பொய் இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் பிள்ளைகள் ஈப்போ தொழிற்சாலைகளுக்குப் போகத் தொடங்கிவிட்டதால் ஆற்றோரத்தில் வரிசை வீடுகளான ஒரு லயம் காலியாகக் கிடந்தது. அங்கேதான் குத்தகைக்காரர் ஒருவர் கம்போடியாக் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றினார். முஸ்லிம்கள். தங்கள் நாட்டில் நடந்த கொலைகளுக்குத் தப்பி எல்லை தாண்டி வந்தவர்கள். தோட்டத்தில் எல்லோரும் அவர்களைக் கெம்போஜா ஆளுங்க என்றார்கள். அமைதியான மனிதர்கள். எதிரே வந்தால் ஒதுங்கி நின்று, நாம் போன பிறகுதான் நடப்பார்கள்.

அவர்கள் பாஷை எங்களுக்குத் தெரியாது. மூசா என்று ஒருவருக்கு மட்டும் மலாய் நன்றாக வரும். அவரிடம் உட்கார்ந்து, சீக்கு ஆட்கள் இந்தப் பக்கம் வந்து நில்லுங்கள், லோரி ஆஸ்பத்திரிக்குப் போகிறது என்பதை அவர்கள் பாஷையிலேயே சொல்லப் பழகிக்கொண்டேன். எழுதி வைத்து, குளிக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தேன். மூசா பொறுமையாகத் திருத்தினார். ஒருநாள் பெரட்டில் தடுமாறாமல் சொன்னேன். அவர்கள் வரிசை அப்படியே விறைத்து நின்றது. என் உச்சரிப்பைக் கேட்டு மலைத்துவிட்டார்கள் என்று எனக்கு ஒரே பூரிப்பு.

யாரும் சீக்கு வரிசைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வாரக்கணக்கில் வரவில்லை. மேனேஜருக்குப் பரம சந்தோஷம். எங்கள் தண்டல், கூலி வேலையை மேற்பார்க்கிறவர், அவர்களைக் காட்டியே நம்மவர்களை ஏசுவார். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான். இருந்தாலும் சில விஷயங்கள் கண்ணில் படாமல் இல்லை. நான் லயத்துப் பக்கம் நடந்தால் இருமுகிற குழந்தையின் வாயைத் தாய் பொத்துவாள். காலில் புண் வைத்திருந்த ஒருவர் என்னைக் கண்டதும் நொண்டாமல் நடந்தார். வெட்கப்படுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை விட்டுப்போகும் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் என் மனைவி ஆயாவாக இருந்தாள். மடுவத்துக் குழாயில்தான் அந்த லயத்துப் பெண்கள் தண்ணீர் பிடிப்பார்கள். ஒருநாள் காலையில் பெரட்டு முடிந்து வந்த என்னை அவள் வழியிலேயே நிறுத்தினாள். மூசாவின் தம்பி யூசோப்புக்கு ஹலிமா என்று இளவயது மனைவி. அந்தப் பெண் தண்ணீருக்கு வரவில்லையாம். அவள் வாளியை வேறொருத்தி தூக்கிக்கொண்டு போகிறாளாம். ஏன் என்று சாடையில் கேட்டால் எல்லோரும் சிரிக்கிறார்களாம்.

"அந்தச் சிரிப்பு சரியில்லங்க. போய்ப் பாத்துட்டு வாங்க," என்றாள்.

போனேன். ஹலிமா வீட்டு வாசலில் உட்கார்ந்து கங்கோங் கீரை நறுக்கிக்கொண்டிருந்தாள். இருபுறமும் இரண்டு பெண்கள். மூன்று பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுத் திரும்பியிருப்பேன். ஆனால் கத்தி கீரையின் மேல் வைத்தபடியே இருந்தது. அது நகரவில்லை. பக்கத்திலிருந்த பெண்கள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்த விதமும் எனக்கு விசித்திரமாகப் பட்டது. கிட்டே போய்ப் பார்த்தால் அந்தப் பெண்ணின் உதட்டில் ரத்தமே இல்லை. மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி நூல் மாதிரி, பிடிபடாமல் ஓடியது. ஒருத்தியை விலகச் சொன்னேன். அவள் விலகியதும் ஹலிமா அந்தப் பக்கமாகவே சாய்ந்துவிட்டாள்.

வயிற்றில் கை வைத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருக்கிறது. கருப்பையில் தங்க வேண்டிய கரு வழியில் குழாயிலேயே தங்கி, குழாய் வெடித்திருக்க வேண்டும். இதற்குத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஒன்றும் செய்ய முடியாது. ஈப்போவில் வயிற்றைத் திறந்தால் பிழைப்பாள். இல்லாவிட்டால் அன்று மத்தியானத்தைத் தாண்ட மாட்டாள். ஆள் அனுப்பி லோரியைக் கொண்டுவரச் சொன்னேன்.

லோரிச் சத்தம் கேட்டதும் வேலைக்காட்டிலிருந்து கெம்போஜா ஆட்கள் ஓடி வந்தார்கள். யாரும் கத்தவில்லை, கையில் கம்பு எடுக்கவில்லை. வாசலுக்கும் லோரிக்கும் நடுவில் வந்து நின்றார்கள், அவ்வளவுதான். யூசோப் மனைவியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். ஒரு கிழவர் முன்னால் வந்தார். தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினார், இருமிக் காட்டினார், பிறகு தானாகவே லோரியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அவருக்குப் பின்னால் ஒரு பெண் ஏறினாள். அடுத்து இன்னொருவர். எல்லோரும் தங்களுக்குத்தான் சீக்கு என்று சாடை காட்டுகிறார்கள். இத்தனை நாள் ஒருவர்கூட வராத வரிசை அந்த நேரத்தில் லோரிக்குள் உட்கார்ந்திருக்கிறது.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. மலாயில் கத்தினேன். கற்றுக்கொண்ட அவர்கள் பாஷையில் கத்தினேன். கடைசியில் தமிழிலேயே, பைத்தியமா பிடிச்சிருக்கு உங்களுக்கு என்று கத்தினேன். நான் கத்தக் கத்த இன்னும் இரண்டு பேர் ஏறினார்கள். அந்தப் பக்கம் ஹலிமாவின் கண் சொருகத் தொடங்கியது.

தண்டல் நம் ஆட்களோடு வந்து என் காதருகே சொன்னார்: "பேசிக்கிட்டிருந்தா ஆவாது லா, ஐயா. பையனுங்க ரெடியா இருக்கானுங்க. நாலு பேர இழுத்துப் போட்டுட்டு அந்தப் புள்ளையத் தூக்கிருவோம்."

அவர் கெட்டவர் இல்லை. அந்தப் பெண் பிழைக்க வேண்டும் என்றுதான் சொன்னார். நானும் சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். உங்களில் பலரும் அதைத்தான் செய்வீர்கள், அதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த நேரத்தில்தான் மூசா மூச்சிரைக்க ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் மலாயில் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன்.

"எங்கள் நாட்டிலும் இப்படித்தான் காலையில் வரிசையாக நிறுத்தினார்கள். சீக்கு ஆட்கள் இந்தப் பக்கம் வாருங்கள் என்றார்கள். லோரி வந்தது. ஆஸ்பத்திரிக்கு என்றார்கள். என் அம்மா தானாகவே ஏறினார். கை கூட ஆட்டினார்."

அந்த லோரியில் போனவர்கள் திரும்பவே இல்லை என்பது எனக்குப் புரிந்தது. விடியற்காலையில், வரிசையில் நிறுத்தி, அவர்கள் பாஷையிலேயே, பிழையில்லாமல் அந்தக் கொலைகாரர்களின் வார்த்தையை நாள் தவறாமல் நான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். பிறகொரு நாள் மூசாவிடம், தெரிந்தும் ஏன் அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள் என்று கேட்டேன். நீங்கள் கேட்டீர்கள், கொடுத்தேன் என்றார். அதிகாரத்தில் இருக்கிறவன் கேட்டால் ஏன் என்று கேட்கக் கூடாது என்பதும் அங்கே அவர் கற்றதுதான்.

அன்று அதையெல்லாம் யோசிக்க நேரமில்லை. என்ன சொல்லி இவர்களை நம்பவைப்பது? ஆஸ்பத்திரி என்று சொல்லலாம், டாக்டர் இருக்கிறார் என்று சொல்லலாம், திரும்பி வந்துவிடுவாள் என்று சத்தியம் செய்யலாம். எந்த வார்த்தையை எடுத்தாலும் அதை ஏற்கெனவே ஒருவன் அவர்களிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். வார்த்தை உதவாது என்று புரிந்தது. தண்டலையும் அவர் ஆட்களையும் பின்னால் போகச் சொன்னேன். லோரியின் தார்ப்பாயை அவிழ்த்துக் கீழே போடச் சொன்னேன், உள்ளே என்ன நடக்கிறது என்று எல்லோரும் பார்க்கட்டும் என்று. யூசோப்பும் மூசாவும் கூடவே வரட்டும், நானும் பின்னால் அவர்களோடு உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன். மூசா அதை எடுத்துச் சொன்னார். ஏறியிருந்தவர்களில் பாதிப் பேர் இறங்கினார்கள். கிழவர் இறங்கவில்லை. அவர் இறங்காதவரை யூசோப்பும் எழுந்திருக்க மாட்டான் போலிருந்தது.

என் மனைவி எப்போது வந்து நின்றாள் என்று எனக்குத் தெரியாது. மூசா சொன்னதை அவள் கேட்டிருக்க வேண்டும். மடுவத்தை வேறொருத்தியிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். கூட்டத்துக்குள் நுழைந்து போய், ஹலிமா உட்கார்ந்திருந்த இடத்தில், அந்த இரண்டு பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள். கத்தியை எடுத்தாள்.

"நீங்க போயிட்டு வாங்க. அந்தப் புள்ளைக்குப் பதிலா நான் இங்க இருக்கேன். நீங்க வாரவரைக்கும் எழும்ப மாட்டேன்னு சொல்லுங்க."

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சொல்லிவிட்டுக் கீரை நறுக்க ஆரம்பித்துவிட்டாள். மூசா அதை மொழிபெயர்த்தாரா என்று எனக்கு நினைவில்லை. கிழவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். டிரெசர் பெண்டாட்டி என்று அவருக்குத் தெரியும். மெல்ல இறங்கினார். யூசோப் மனைவியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

ஈப்போ சாலையில் அன்று மரம் ஏற்றிய லோரி ஒன்று எங்கள் முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. முந்த இடமில்லை. நான் ஹலிமாவின் நாடியிலிருந்து விரலை எடுக்கவில்லை. வழியில் நாடி ஒருமுறை தொலைந்தே போயிற்று, தேடிப் பிடிப்பதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. இவள் இறந்துவிட்டால் நான் பிணத்தோடு திரும்ப வேண்டும். அவர்கள் பயந்தது சரியாகிவிடும். அதன் பிறகு அந்த லயத்தில் ஒருவரும் எந்தக் காலத்திலும் மருந்துக்கு வர மாட்டார்கள், உள்ளேயே கிடந்து சாவார்கள். எனக்கு இருந்த பயம் அதுதான். யூசோப் அவள் காதில் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தான். அது துஆ என்கிற பிரார்த்தனையா, வீட்டுப் பேச்சா என்று நான் கேட்கவில்லை.

நேராக அறுவைக்குக் கொண்டுபோனார்கள். வெளியே வந்த சர்ஜன், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கொண்டுவந்தே பிரயோஜனம் இல்லை என்று என்னைக் கடிந்துகொண்டார். கைகட்டிக் கேட்டுக்கொண்டேன். பிழைத்துவிட்டாள் என்றவரிடம் என்ன விவாதம்?

யூசோப்பை அவள் பக்கத்தில் விட்டுவிட்டு, வெயில் தாழ்வதற்குள் மூசாவோடு திரும்பினேன். யாராவது ஒருவர் முழுசாகத் திரும்பி வந்ததை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவசரம் எனக்கு. மூசா லோரியிலிருந்து குதித்ததும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். தோளைத் தொட்டார்கள், முகத்தைத் தடவினார்கள், ஒரு கிழவி அவர் கை விரல்களைக்கூடப் பிடித்துப் பார்த்தாள். என் மனைவி அவர்களோடு உட்கார்ந்து சோறு சாப்பிட்டு முடித்திருந்தாள். கீரையில் உப்புக் கம்மி என்றாள்.

அதன் பிறகு பெரட்டுக்களத்தில் நான் அந்தச் சத்தம் போடவில்லை. நம்மவர்களுக்கும் போடவில்லை. மாலையில் என் மனைவியைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். உள்ளே போனால் மலேரியா, காசம், வயிற்றுக்கடுப்பு, ஆறாத புண் என்று எல்லாம் பாய்க்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தன. நலமாக இருக்கிறேன் என்று பொய் சொல்கிறவர்களை எப்படிப் பார்ப்பது என்று அந்த வயதில் முதலிலிருந்து கற்றுக்கொண்டேன். உங்களுக்குச் சொல்ல வந்ததும் இதைத்தான். கேள்வியை அவர்கள் பாஷையில் கேட்டுவிட்டால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். அதே கேள்வியை இதற்கு முன்னால் அவர்களிடம் யார் கேட்டது, பதில் சொன்னவர்களுக்கு என்ன ஆயிற்று என்று யோசியுங்கள்.

ஆனால் இந்தக் கதை ஹலிமா பிழைத்ததோடு முடியவில்லை. அப்படி வீடு வீடாகப் போன ஒரு மாலையில் மர்யம் என்ற பெண், மூசாவை அழைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். எதுவும் பேசாத பெண். வெளுத்துப்போய் இருக்கிறாள் என்று நான்தான் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே ஏதோ கேட்டாள். மூசா அதைச் சொல்லத் தயங்கினார்.

அவர்கள் வந்த புதிதில் அவள் கணவர் வேலைக்காட்டில் ரத்தம் கக்கி விழுந்திருந்தார். காசம். அங்கிருந்தே லோரியில் ஏற்றி அனுப்பினேன். பத்து காஜா ஊர் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். நன்றாக இருக்கிறார், திரும்பி வர நாளாகும் என்று தண்டல் மூலம் சொல்லி அனுப்பியிருந்தேன். என் கடமை முடிந்தது என்று நினைத்திருந்தேன். நன்றாக இருக்கிறார், வர நாளாகும் என்பதுதான் அங்கேயும் சொல்லப்பட்ட வார்த்தை. லயத்தில் கதவைச் சாத்திக்கொண்டு அவருக்காக இறந்தவர்களுக்கான தொழுகை நடத்தி முடித்துவிட்டார்கள். இத்தனை மாதமும் அவள் விதவையாக இருந்திருக்கிறாள். நான் கொடுத்த மாத்திரையை வாங்கித் தின்றுகொண்டு.

"எங்கே புதைத்தீர்கள் என்று மட்டும் சொன்னால் போதுமாம்," என்றார் மூசா.

மறுநாளே அவர்கள் இருவரையும் பத்து காஜாவுக்கு அழைத்துப் போனேன். உயிரோடு இருக்கிறார் என்று வழியெல்லாம் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள், நம்பவில்லை. வார்டில் அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முன்னைக்கு இப்போது கன்னத்தில் சதை பிடித்திருந்தது. மர்யம் கட்டிலின் கால்மாட்டில் போய் நின்றாள். வார்டு நர்ஸ், எங்கள் பேச்சில் மிஸி, சிரித்துக்கொண்டே மலாயில், உன் மனைவியா என்று அவரைக் கேட்டார்.

அவர் மர்யத்தைப் பார்த்தார். பிறகு வெள்ளைச் சட்டையில் நின்ற என்னைப் பார்த்தார். தெரியாது, இந்தப் பெண்ணை நான் பார்த்ததே இல்லை என்றார்.

மர்யம் அழவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. அவளும் முகத்தைத் திருப்பி, வேறு யாரையோ பார்க்க வந்தவள் மாதிரி அடுத்த கட்டிலைப் பார்த்து நின்றாள். மூசா என்னை வராந்தாவுக்கு இழுத்து வந்தார்.

"ஒருவனைக் கொண்டுபோனால் அடுத்தது அவன் குடும்பம். அதனால் யாரும் யாருக்கும் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள மாட்டோம். அவளைக் காப்பாற்றுகிறான், டிரெசர். நீங்கள் அங்கே நிற்காதீர்கள்."

மிஸியையும் வெளியே வரச் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். பிறகு மெல்ல ஒரு பெண் குரல் கேட்டது, கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. மர்யம் அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை எனக்குப் புரியவில்லை. ஆனால் எந்த ஊர்ப் பெண்டாட்டி திட்டினாலும் அது திட்டு என்று ஆம்பளைக்குத் தெரிந்துவிடும். இத்தனை மாதத்துத் திட்டையும் சேர்த்துத் திட்டினாள். நடுவில் அவர் குரல் தாழ்ந்து ஏதோ சமாதானம் சொல்ல, அதற்கும் சேர்த்துத் திட்டினாள். நான் அந்தப் பெஞ்சிலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.